அம்பாசிடருக்கு ‘சூடு, சத்தம் தடுக்கும் ஷீட்’: 38,000 ரூபாய் போச்சு

நேற்றுதான் ரூஃப் லைனிங்கைக் கழற்றிப் பார்த்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் படியுங்கள்; எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது 1984 மார்க் 4, டீசல். ஓடும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். மே மாதத்தில் கியர்பாக்ஸ் மேல்தகட்டில் கால் பட்டால் சுடும். பழைய கார்களுக்கென்றே உள்ள ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஷீட் ஒட்டாத கதவு ஒன்றைத் தட்டினார், ‘டண்’ என்றது. ஒட்டியதைத் தட்டினார், ‘தொப்’. “ஒரிஜினல் பியூட்டைல்ணே. மேல ஃபோமும் போட்டுடுவோம். என் சொந்த வண்டி மாதிரி பண்ணித் தர்றேன்” என்றார். பியூட்டைல் என்றால் தகட்டில் ஒட்டுகிற ஒருவகை ரப்பர் ஷீட். அங்கேயே நின்று 38,000 ரூபாயையும் ஜிபே செய்தேன்.

வெயில் ஏறியதும் வண்டிக்குள் ரோடு போடும் இடத்து வாடை. ரூஃப் துணியில் கருப்பாகக் கசிவு. பிரித்தால், மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட், மேலே பளபளவென்று ஃபாயில்! ஃபோம் எங்கும் இல்லை. தரையில் துருவைக்கூடச் சுரண்டாமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் அடைத்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் குலுங்குகிறது.

போன் செய்தால், “புது ஷீட்னா வாசனை வரத்தாண்ணே செய்யும்.” அப்புறம், “வெயில்ல நிறுத்தாதீங்க.” வெயிலுக்காகத்தானய்யா ஒட்டினதே! அதற்கும் மேலே, “ஒட்டின பையன் வேலைய விட்டு நின்னுட்டான்.” இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான். 38,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்ட பில்கூடக் கிடையாது, ஒரு துண்டுச்சீட்டு. ஒட்டியதைச் சுரண்டியெடுக்க இன்னொரு டிங்கர் 9,000 கேட்கிறார்.

சரி, சொன்னபடி விவரமாக எழுதப் பொறுமையில்லை. ஷீட்டில் ஒரு துண்டு வாங்கி வெயிலில் போடுங்கள்; தார் வாடை அடித்தால் வேண்டாம். பியூட்டைல் தகட்டின் அதிர்வை அடக்கும், அவ்வளவுதான். சூட்டுக்குத் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் தனியாக வேண்டும். துருவைச் சுரண்டி பிரைமர் அடித்த பிறகுதான் எதையும் ஒட்ட விடுங்கள். கார்பெட்டை மூடும் முன் போட்டோ எடுங்கள். முழுப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். நானே சுரண்டிப் பார்க்கலாமென்று மண்ணெண்ணெயும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், மீதி அப்புறம்.