போர்டு இல்லாத பட்டறையில் என் புல்வெட்டும் வண்டி

இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அதனால் பெயரைக் கேட்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், வடக்குக் கடற்கரைக்குப் போகிற வழியில், வலை தைக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் நாலைந்து டீசல் எஞ்சின் வெயிலில் கிடக்கும். அதுதான் இடம். படகு எஞ்சின் பார்க்கிறவர்கள். நான் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனது உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி. இறக்கும்போதே அங்கிருந்த பையன் ஒருவன், "என்னண்ணே, டிராக்டர் குட்டி போட்டிருக்கா?" என்றான்.

தோஹாவில் 11 வருஷம் கோல்ஃப் மைதானத்தில் இதே மாதிரி வண்டி ஓட்டியவன் நான். ஊருக்கு வந்தபின் அரியமான் பக்கம் ஒரு விடுதித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டரை ஏக்கர் அருகம்புல், சுற்றிச் சவுக்கு. வண்டி 17 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர் பெட்ரோல், 42 அங்குல டெக். அடியில் இரண்டு பிளேடும் சுழலும் இரும்புக்கூட்டைத்தான் டெக் என்போம். ஓட்டுவதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தோஹாவில் சாயங்காலம் ஷெட்டில் விட்டால், காலையில் கிரீஸ் அடித்து, பிளேடு தீட்டி, ஆயில் பார்த்து நிற்கும். யார் செய்தார்கள் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

இங்கே பிப்ரவரி கடைசியில் புல் காய ஆரம்பித்ததும் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். மே மாதம் எடுத்தால், ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிஷத்தில் அமுங்கிப்போகிறது. வண்டி விற்றவர்களின் சர்வீஸ் ஆள் மூன்று வாரம் கழித்து வந்தார். எதையும் கழற்றிப் பார்க்காமல், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிற கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் ஒரு மீனவ நண்பர் இந்தப் பட்டறையைச் சொன்னார்.

முதல் தடவை போனது தப்பான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் வேலைக்குக் கிடக்கும், மெக்கானிக்குக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. "தம்பி, இப்ப அரசரே வந்தாலும் முடியாது. தடை முடியட்டும், அப்புறம் கொண்டா" என்றார். நீங்கள் போவதானால் இதை மனதில் வையுங்கள். மற்ற மாதங்களிலும் படகுகள் கடலுக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்துப் போனால் ஆள் நிதானமாக இருப்பார்.

ஜூன் கடைசியில் போனேன். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மேலே பெட்ரோல், அடியில் தனியாக ஒரு கலங்கல். தண்ணீர்! இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஷெட்டில் மூன்று மாதம் பாதி டேங்க்கோடு நின்றால் இழுக்காமல் என்ன செய்யும்? என் வண்டியின் கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றே போட்டிருக்கிறது. அதை நான் படித்தது அன்றைக்கு ராத்திரிதான். மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி, பெட்ரோல் வருகிற சின்ன ஓட்டையான ஜெட்டில் விட்டுச் சுத்தம் செய்தார். இனிமேல் ஷெட்டில் விடுமுன் டேங்க்கைக் காலி செய்து, அது தானாக அணையும்வரை எஞ்சினை ஓடவிடச் சொன்னார். புது கார்புரேட்டர் செலவு மிச்சம்.

வந்ததுதான் வந்தோம் என்று முழு சர்வீஸும் செய்யச் சொன்னேன். பிளேடைப் பார்க்கப் பையன் டெக்குக்கு அடியில் கையை விட்டான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டு, பிளேடைத் திருப்பும்போது எஞ்சின் தற்செயலாக ஓடிவிடாதபடி, முதலில் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாக ஒதுக்கினார். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நான் கிரைண்டரில் மீன்வெட்டும் கத்தி மாதிரி தீட்டி வைத்திருந்த பிளேடைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு கூராக இருந்தால் ஒரு கல் பட்டாலே மடங்கிவிடுமாம். சுவரில் ஒரு ஆணி அடித்து, பிளேடின் நடு ஓட்டையை அதில் மாட்டிவிட்டார். ஒரு பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்தார், மறுபடி மாட்டினார், தேய்த்தார். படகு புரொப்பல்லருக்குக் காட்டுகிற அதே பொறுமை. சீட்டில் உட்கார்ந்தால் பல் ஆடுகிற மாதிரி ஒரு நடுக்கம் இருந்ததே, அதைத் தரை மேடுபள்ளம் என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தேன். பிளேடு சமனில்லாமல் சுற்றியதில் ஒரு பேரிங்கும் தேய்ந்துபோயிருந்தது.

டெக்கின் உள்பக்கம் வரட்டி தட்டிய மாதிரி புல் ஒட்டி, அதற்கு அடியில் துரு. "எதைப் போட்டுக் கழுவுற?" என்றார். போர் தண்ணீர் என்றேன். எங்கள் போரில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. "அதுக்குக் கடல்லயே எறக்கிக் கழுவலாமே" என்றார். சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே படகுக்கு அடித்து மீந்த நீலப் பெயிண்டைப் பூசிக்கொடுத்தார். வெளியே ஆரஞ்சு, வயிறு நீலம். இப்போது ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் மரத் துண்டால் சுரண்டுகிறேன். கழுவினால் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர்தான், அதுவும் மாதம் ஒரு தடவை.

எல்லாம் நன்று என்று சொல்ல மாட்டேன். ஆயில் மாற்றும்போது, படகு எஞ்சினுக்கு ஊற்றுகிற டீசல் ஆயிலை பீப்பாயிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, இதுக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயில்தான்" என்று தடுத்து, நான் கையோடு கொண்டுபோன கேனைக் கொடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது. டயருக்கு ஸ்கூட்டர் மாதிரி 30 பி.எஸ்.ஐ. காற்று அடித்து வைத்திருந்தார்கள். இந்த வண்டிக்கு முன் டயரில் 14, பின் டயரில் 10 போதும். கூடினால் வண்டி குதிக்கும், மணல் தரையில் தடம் விழும், டெக் உயரமும் கணக்குத் தவறும். காற்றைச் சரிசெய்த பிறகுதான் டெக்கின் மட்டத்தை அளக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. அதை வீட்டுக்கு வந்து நானே டேப் வைத்துச் சரிசெய்தேன்.

உள்ளூர் அறிவு என்றால் அது அவரிடம்தான். கையேட்டில் ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவச் சொல்லியிருக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணி நேரத்துக்கே கழுவு என்றார். கழுவிப் பார்த்தேன், வாளியில் அடியில் மணல். பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டிவிட்டு வாஸ்லின் தடவினார். கிரீஸ் அடிக்கிற நிப்பிள்களுக்குப் படகுக்குப் போடுகிற, தண்ணீரில் கரையாத கிரீஸ். கருவேல முள்ளுக்கு மட்டும் அவரிடமும் வழியில்லை, பஞ்சர் என் தலையெழுத்து.

கூலி 2,400 ரூபாய், பேரிங் தனி. பில் கிடையாது, சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். விடுதிக் கணக்கில் அதை ஏற்ற நான் பட்ட பாடு தனிக்கதை. ஐந்துக்கு நான்கு தருகிறேன். குறைத்த அந்த ஒன்று டயருக்காக.

வாடை மழைக்கு முன் பெல்ட் மாற்ற மறுபடி போக வேண்டும். ஓரத்தில் வெடிப்பு தெரிகிறது. பெல்ட்டை இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், ஆயில் கேனையும் காற்று அளக்கும் கேஜையும் கையோடு எடுத்துக்கொண்டு போவேன்.