இரண்டு 3090-க்கு ஒரு எஸ்எம்பிஎஸ்: கோர்சேர் ஏஎக்ஸ்1600ஐ தேவைதானா?

ஒரே கேபினட்டில் இரண்டு ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு போடத் துணிந்தவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வேணும்?" என்பதைத்தான். சுவர்க் கரண்டை மெஷினுக்கேற்ற வோல்ட்டுக்கு மாற்றும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். ஆனால் வாட் என்பது பாதிக் கேள்வி. 1200 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி, விளையாட்டின் நடுவில் மெஷினைப் பட்டென்று அணைத்துவிடும். நல்ல 1000 வாட் பெட்டி ஒன்று அதே கார்டுகளை, அவை இழுக்கும் வாட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்தால், முனகாமல் ஓட்டும். கணநேர ஏற்றத்தைப் பெட்டி தாங்குகிறதா, கேபிள் எப்படிப் போகிறது, சுவரில் இருக்கும் பிளக் எது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் வாட் கணக்கு.

கோர்சேர் ஏஎக்ஸ்1600ஐ 2018-இல் வந்தது. 1600 வாட், 80 பிளஸ் டைட்டானியம் தரம் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று, கோல்டைவிட மேல்), 12 வோல்ட்டில் 133.3 ஆம்பியர், எல்லாக் கேபிளும் கழற்றி மாட்டும் வகை, 10 ஆண்டு வாரண்டி. உள்ளே, சுவர்க் கரண்டை ஒழுங்குபடுத்தி இழுக்கும் பிஎஃப்சி பகுதியில் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. இவ்வளவு வாட்டை 200 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அடக்க முடிந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். வயசானாலும், இரட்டைக் கார்டு என்று பேச்செடுத்தால் இன்றும் இதைத் தவிர்த்துப் பேச முடியாது.

முதலில் ஒரு கசப்பான விஷயம். விளையாட்டுக்காக மட்டும் இரண்டு கார்டு என்றால், இந்தப் பெட்டியை விடுங்கள், இரண்டாவது கார்டே வீண் செலவு. 2021 ஜனவரி 1-க்குப் பிறகு என்விடியா, இரண்டு கார்டை ஒரே விளையாட்டில் சேர்த்து ஓட்டும் எஸ்எல்ஐ-க்குப் புதிய புரொஃபைல்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, ஷேடோ ஆஃப் த டூம் ரைடர், ஸ்ட்ரேஞ்ச் பிரிகேட் போல, தானாகவே இரண்டு கார்டைப் பயன்படுத்தும்படி எழுதப்பட்ட சில விளையாட்டுகளில்தான் பலன். மற்றவற்றில் இரண்டாவது கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஜிஃபோர்ஸ் வரிசையில், இரண்டு கார்டை இணைக்கும் என்விலிங்க் பாலம் மாட்ட இடமுள்ள கடைசிக் கார்டுகளும் 3090, 3090 டிஐ இரண்டும்தான், 4090-இல் அது கிடையாது. இரவில் விளையாட்டு, பகலில் பிளெண்டர் ரெண்டரோ வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுவதோ என்று இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டமைப்பு நியாயம். அந்த வேலைகளில் இரண்டு கார்டும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும் என்பதால் சூடு, கேபிள் என்று பார்த்தால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு விளையாட்டைவிட அதுவே கடினமான சோதனை.

இனி கணக்கு. 3090 ஒன்றுக்கு 350 வாட், இரண்டுக்கு 700. ரைசன் 9 5950எக்ஸ் பிராசசர் வேகம் கூட்டாமல் விட்டால் 142 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து 100 வாட் வையுங்கள். மொத்தம் 942. பிராசசர் இன்டெல் ஐ9-10900கே என்றால் அதன் குறுகிய நேர வரம்பே 250 வாட், அப்போது 1050. தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டி, மூன்று 8 பின் கனெக்டர் வைத்து வரும் 3090 கார்டுகள் தனித்தனியே 400 வாட்டைத் தாண்டும். அந்த ஜோடிக்கு மொத்தம் 1200-ஐத் தொடும்.

இதெல்லாம் சராசரி. 3090 ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்துக்கு 500 வாட்டுக்கு மேல் எகிறிவிட்டு இறங்கும். வீட்டு வாட்மீட்டர் இதைக் காட்டாது, ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சர்க்யூட் பார்த்துவிடும். இரண்டு கார்டும் ஒரே காட்சியின் அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒரே நேரத்தில் வரைவதால் இரண்டின் உச்சமும் ஒன்றாக விழ வாய்ப்பு அதிகம். 942 சராசரியுள்ள மெஷின் ஒரு கணம் 1300 வாட் கேட்கும். 1000 வாட் பெட்டியின் பாதுகாப்பு 120, 130 சதவீதத்தில் விழும்படி வைத்திருந்தால் அங்கேயே அணைந்துவிடும். இந்தத் தொல்லைக்காகத்தான் 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற எஸ்எம்பிஎஸ் விதி, ஒரு பெட்டி தன் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோவினாடி தாங்க வேண்டும் என்று எழுதியது. ஏஎக்ஸ்1600ஐ அதற்கு முந்திய பெட்டி. ஆனால் 1300 என்பது அதன் சாதாரண எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் விதிக்கு வேலையே வரவில்லை. இதன் உண்மையான பலம் இதுதான்.

பெட்டி எவ்வளவு நல்லதானாலும் கேபிளில் சறுக்கினால் போச்சு. ஒரு 8 பின் கனெக்டருக்கு விதிப்படி 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர். அது மூன்று 12 வோல்ட் கம்பிகளில் பிரிந்து கம்பிக்கு 4.2 ஆம்பியர் போகும், கவலையில்லை. ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை தொங்குமே, அந்த இரட்டைத் தலைக் கேபிளில் இரண்டையும் கார்டில் மாட்டினால் எஸ்எம்பிஎஸ் பக்கம் அதே மூன்று கம்பியில் 25 ஆம்பியர். கம்பிக்கு 8.3. சாதாரண முனைகளின் எல்லை 9 ஆம்பியர் அளவில் இருக்கும்போது இது விளிம்பு. கார்டு எகிறும் கணங்களில் விளிம்பையும் தாண்டும். முனை சூடாகி, பிடி தளர்ந்து, மேலும் சூடாகி, ஒருநாள் பிளாஸ்டிக் பழுப்பாகும். ஆகவே ஒரு தலைக்கு ஒரு கேபிள். மூன்று 8 பின் கொண்ட இரண்டு கார்டுக்கு ஆறு தனிக் கேபிள். ஏஎக்ஸ்1600ஐ மொத்தம் 10 கிராஃபிக்ஸ் தலை தருகிறது, ஆறையும் தனித்தனியாகவே கொண்டுபோகலாம். பல 1200 வாட் பெட்டிகள் தோற்பது இந்த இடத்தில்தான்: வாட் இருக்கும், போதுமான சாக்கெட் இருக்காது.

தலை போதவில்லை என்று சாட்டா கேபிளிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பகுதி 4.5 ஆம்பியருக்குத்தான், 54 வாட். அதில் 150 வாட் இழுத்தால் உருகாமல் என்ன செய்யும்?

பெரும்பாலோர் மறக்கும் இடம் மதர்போர்டின் 24 பின். ஒவ்வொரு கார்டும் ஸ்லாட் வழியாக 12 வோல்ட்டில் 66 வாட் வரை எடுக்கலாம். இரண்டு கார்டுக்கு 132 வாட், 11 ஆம்பியர். இது முழுவதும் 24 பின்னில் உள்ள இரண்டே மஞ்சள் கம்பிகள் வழியாகத்தான் வர வேண்டும், அதோடு ஃபேன்களின் சுமையும். இரட்டைக் கார்டுக்கென்று செய்த போர்டுகளில் ஸ்லாட்டுக்கு அருகே கூடுதலாக ஒரு 6 பின்னோ மோலக்ஸோ இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள், அது அலங்காரத்துக்கு இல்லை.

கழற்றி மாட்டும் கேபிள்களில் இன்னொரு பொறி உண்டு. கார்டு பக்கத்து முனைதான் எல்லோருக்கும் பொது, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதியே கிடையாது. பழைய பெட்டியின் கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட்டிஸ்க் செத்துவிடும். ஏஎக்ஸ்1600ஐ எடுப்பது கோர்சேரின் டைப் 4 கேபிள்களை. அதே கம்பெனியின் டைப் 3-இல் 24 பின் அமைப்பு வேறு. கேபிளில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஒற்றை ரெயிலா, பல ரெயிலா (12 வோல்ட் முழுவதும் ஒரே பாதுகாப்பு வரம்புக்குள்ளா, தனித்தனி வரம்புகளாகப் பிரித்தா) என்ற பழைய சண்டைக்கு இந்தப் பெட்டியிடம் நல்ல பதில் இருக்கிறது. 133 ஆம்பியரும் ஒரே ரெயிலாக இருந்தால், ஒரு கேபிளில் ஷார்ட் ஆகும்போது கம்பி எரிந்த பிறகுதான் பாதுகாப்பு விழிக்கும். வெல்டிங் மெஷின் மாதிரி. யுஎஸ்பி வழியாக மதர்போர்டில் இணைத்து, கோர்சேர் மென்பொருளில் ஒவ்வொரு கனெக்டருக்கும் தனி ஆம்பியர் வரம்பு வைக்கலாம். வைத்துவிடுங்கள். கேபிளுக்கு ஒரு தலை என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால் அந்த வரம்பு வீணாக விழாது.

இப்போது சுவர்ப் பக்கம் வருவோம். முழுச் சுமையில் 94 சதவீதத் திறன் என்று வைத்தால் 1600 வாட் கொடுக்கச் சுவரிலிருந்து சுமார் 1700 வாட் எடுக்கும், 230 வோல்ட்டில் 7.4 ஆம்பியர். நம் வீட்டு மேசையருகே இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். சாதாரண விளையாட்டில் 1000 வாட் வெளியே போனால் 4.6 ஆம்பியர்தான். ஆனால் மாலையில் மின்னழுத்தம் 190-க்கு இறங்கினால் அதுவே 5.6 ஆகும். மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் என்றால் கணக்கு முடிந்தது. ஏஎக்ஸ்1600ஐ சாதாரணக் கம்ப்யூட்டர் வயரை ஏற்காது, தடித்த சி19 முனைதான் பொருந்தும். அதன் மறுமுனையைப் பெரிய 16 ஆம்பியர் பிளக்காகவே வைத்து, ஏசிக்கு இழுப்பதுபோலத் தனி லைன் ஒன்று இழுத்துவிடுங்கள். 16-ஐ 6 ஆக்கும் மாற்றுப் பிளக் வேண்டாம்.

எர்த்தைப் பாருங்கள். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருந்தால் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசிவதை மண்ணுக்கு அனுப்ப எர்த் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிக் கழற்றுவது விலை உயர்ந்த கார்டின் போர்ட்டோடு விளையாடுவது. ஸ்டெபிலைசர் தேவையில்லை, 100 முதல் 240 வோல்ட் வரை இதுவே சமாளிக்கும். வீட்டு இன்வர்ட்டரில் மட்டும் இணைக்காதீர்கள். 1100 விஏ இன்வர்ட்டருக்கு இந்தச் சுமை தாங்காது. யுபிஎஸ் வேண்டுமென்றால் 2 கேவிஏ, சுத்தமான சைன் அலை வகை.

டைட்டானியம் தரத்தால் கரண்ட் பில் குறையும் என்று நம்பி வாங்க வேண்டாம். 900 வாட் சுமையில் ஒரு கோல்டு பெட்டியோடு ஒப்பிட்டால் மிச்சம் 45, 50 வாட். நாளைக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் மாதம் ஐந்தரை, ஆறு யூனிட். விலை வித்தியாசத்தை அதில் எடுக்கவே முடியாது. கிடைப்பது வேறு: பெட்டிக்குள் சூடு குறைவு, அதனால் 140 மில்லிமீட்டர் ஃபேன் நடுத்தரச் சுமை வரை சுற்றுவதேயில்லை. இரண்டு 3090 போடும் இரைச்சலில் அது காதில் விழுமா என்பது வேறு கேள்வி.

எல்லோருக்கும் இது வேண்டுமா? வேண்டாம். இரண்டு 1080 டிஐ என்றால் கார்டுக்கு 250 வாட், மொத்தம் 740-ஐ ஒட்டி. தரமான 1000 வாட் கோல்டு தாராளம். 2080 டிஐ ஜோடிக்கும் அதுவே. 350 வாட்டோடு நிற்கும் 3090 ஜோடிக்கும் ஏஎம்டி பிராசசருக்கும் நல்ல 1300 வாட் போதும். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதமாக்கினால் கார்டுக்கு 280 வாட்தான், ஃபிரேமில் இழப்பு கொஞ்சம், எகிறலும் தணியும். அப்போது கேபிள் சாக்கெட் போதுமான 1000 வாட்டே ஈடுகொடுக்கும். மூன்று 8 பின் கார்டு இரண்டும் வேகம் கூட்டிய இன்டெல் பிராசசரும் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஏஎக்ஸ்1600ஐ. அங்கே பி குவைட் டார்க் பவர் புரோ 12-இன் 1500 வாட் மாடலும் சரிக்குச் சரி நிற்கும். அதுவும் டைட்டானியம், அதுவும் ஒற்றை, பல ரெயில் மாற்றக்கூடியது.

மாட்டும் முன் கேபினட்டை அளந்துகொள்ளுங்கள். 200 மில்லிமீட்டர் பெட்டிக்குப் பின்னால் கேபிள் வளைய இன்னும் நான்கு விரல் இடம் வேண்டும். 3090-க்கான என்விலிங்க் பாலம் நான்கு ஸ்லாட் இடைவெளிக்கானது, எனவே கீழ்க் கார்டு எஸ்எம்பிஎஸ் மூடியை உரசியபடிதான் உட்காரும். கனெக்டர்களைக் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். முதலில் ஒரு கார்டோடு ஓட்டிப் பாருங்கள், பிறகு இரண்டாவதைச் சேருங்கள். ஓசிசிடி மென்பொருளின் பவர் சோதனையில் அரை மணி நேரம். அப்போது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஒவ்வொரு 8 பின்னின் வோல்ட்டேஜும் தெரியும். விதி 11.4 வரை அனுமதித்தாலும் ஒரு கனெக்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தள்ளி 11.7-க்குக் கீழே இருந்தால் அந்தக் கேபிளைச் சந்தேகியுங்கள். சோதனையில் தாங்கியது விளையாட்டில் விழலாம். சீரான சுமையைவிட ஏறி இறங்கும் சுமைதான் பாதுகாப்பைத் தூண்டும்.

விழுந்தால் எப்படி விழுந்தது என்று கவனியுங்கள். மெஷின் முழுவதும் அணைந்து, எஸ்எம்பிஎஸ்ஸின் பின் சுவிட்சை அணைத்துப் போடும்வரை எழவில்லை என்றால் பாதுகாப்பு விழுந்திருக்கிறது. கணத்தில் தானே ரீஸ்டார்ட் ஆனால் மின்னழுத்தம் ஒரு நொடி சரிந்திருக்கிறது, சுவர்ப் பக்கமும் பாருங்கள். திரை மட்டும் கறுத்து, கார்டின் ஃபேன் பேயாகச் சுற்றினால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் குற்றவாளி இல்லை, கார்டோ அதன் கனெக்டரோதான். விண்டோஸ் காட்டும் கெர்னல்-பவர் 41 இவற்றில் எதையும் பிரித்துச் சொல்லாது. ஒழுங்காக அணையவில்லை என்று மட்டும் சொல்லும்.

பழையதாக ஏஎக்ஸ்1600ஐ வாங்குகிறீர்கள் என்றால் பெட்டியைவிடக் கேபிள் பையை முதலில் திறந்து எண்ணுங்கள். 24 பின் ஒன்று, சிபியு 8 பின் இரண்டு, உங்கள் கார்டுகளுக்கு வேண்டிய தனித்தலைக் கேபிள்கள், யுஎஸ்பி கேபிள், அந்தத் தடித்த சி19 வயர். ஒன்று குறைந்தாலும் டைப் 4 அசலுக்கு அலைய வேண்டிவரும். முனைகளில் பழுப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பில்லைக் கையில் வாங்குங்கள், அப்புறம் பணத்தை எடுங்கள்.