கண்ணாடி முன் உட்கார எது தோது? என் ஓட்டு கரிக்கு

தன்னுருவ ஓவியம் வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எதில் ஆரம்பிக்கலாம் என்றுதான். வாட்டர் கலர், அக்ரிலிக், பேஸ்டல், ஆயில், கரி (சார்கோல்) என எல்லாவற்றிலும் என் முகத்தை வரைந்து பார்த்துவிட்டு இப்போது கரியில் நிலைத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் கரிப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கரி மலிவு, ஆயில் செலவு. வாட்டர் கலரில் வேலை சுத்தம், பேஸ்டலில் தூசி. நிறச் செழுமை என்று வந்தால் ஆயிலை மிஞ்ச ஆள் இல்லை. இதெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். நான் பேச வந்தது ஒரே விஷயம், திருத்தம். போட்ட கோட்டை எத்தனை முறை மாற்றலாம், மாற்றிய பிறகு அந்தத் தாளோ கேன்வாஸோ என்ன கதியில் இருக்கும்? பழத்தட்டு வரையும்போது இது அவ்வளவு பெரிய விஷயம் கிடையாது. தன்னுருவத்தில் இதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

ஏனென்றால் வரைகிறவரும் நீங்கள்தான், உட்கார்ந்து கொடுக்கிறவரும் நீங்கள்தான். கண்ணாடியைப் பார்க்கிறீர்கள், தாளுக்குத் திரும்புகிறீர்கள், மறுபடி கண்ணாடிக்குப் போகும்போது தலை பழைய இடத்துக்கு வருவதில்லை. ஒரு விரல் அகலம் தள்ளிப் போனாலே மூக்கின் நிழல் கன்னத்தில் வேறு இடத்தில் விழுகிறது. அரை மணி நேரத்தில் தாடை தளர்ந்துவிடும், உற்றுப் பார்த்துப் பார்த்துப் புருவம் நெரியும் (நிறையத் தன்னுருவங்களில் வரைந்தவர் நம்மை முறைப்பது போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்), அதற்குள் ஜன்னல் வெளிச்சமும் மாறியிருக்கும். முகம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கூடவே நகர்கிற ஊடகம் வேண்டும்.

இந்தக் கணக்கில் வாட்டர் கலர் சீக்கிரமே பின்தங்கிவிடுகிறது. அதன் அழகு முதல் ஓட்டத்தில் இருக்கிறது. காய்ந்தால் நிறம் வெளிறும் என்பதால் கன்னத்து நிழலை எப்போதும் ஒரு படி கூட்டியே போட வேண்டும். தப்பினால் ஈர பிரஷ்ஷால் கொஞ்சம் எடுக்கலாம், ஆனால் தேலோ நீலம் மாதிரித் தாளில் ஊறிப் பிடித்துக்கொள்கிற நிறங்கள் முழுசாக வராது. இரண்டு மூன்று முறை தேய்த்தால் தாளின் மேல்தோல் உரிந்து, பிறகு அங்கே போடுகிற நிறமெல்லாம் அழுக்காகத் தெரியும். கை தேர்ந்தவர்கள் ஒரே அமர்வில் முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு இது பொருந்தும்.

அக்ரிலிக்கில் பிரச்சினை வேறு. மே மாதத்தில், மின்விசிறிக்குக் கீழே, பேலட்டில் கலந்து வைத்த தோல் நிறம் சில நிமிடங்களில் ஆடை கட்டிவிடும். ரிடார்டர் கலந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். காய்ந்ததும் நிறம் வேறு ஒரு படி கருக்கிறது, ஈரத்தில் பால் போல இருக்கிற ஊடகம் காயும்போது தெளிந்துவிடுவதால். நேற்று நெற்றிக்குக் கலந்த நிறத்தை இன்று மறுபடி கலக்க முயன்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். திருத்த முடியாதா என்றால் முடியும், மேலேயே பூசிவிடலாம். ஆனால் பூசினால் பழையது முழுசாக மறைந்துபோகும். அது ஏன் குறை என்று கீழே சொல்கிறேன்.

பேஸ்டலைப் பற்றிப் பேசினால் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேனைச் சொல்லியே ஆக வேண்டும். வாழ்க்கை முழுக்க ஆயிலில் வரைந்தவர், வயதான காலத்தில் கண் கெட்டுப்போனதால் பேஸ்டலுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியோடு 1771இலும், கண்ணுக்கு மேலே வெளிச்சம் தடுக்கிற மறைப்புக் கட்டிக்கொண்டு 1775இலும் அவர் வரைந்த தன்னுருவங்கள் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கன்னத்தில் நீலமும் பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், தள்ளி நின்று பார்த்தால் வயதான தோல். எனக்குப் பேஸ்டலில் ஒத்துவராதது இரண்டு. ஒன்று, தாளின் சொரசொரப்பு நிரம்பிவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது, அதோடு திருத்தமும் நின்றுவிடும். இன்னொன்று, முகம் வரைவதற்கென்றே விற்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கினேன், அதில் இளஞ்சிவப்புக் குச்சிகள்தான் அதிகம். என் தோலுக்கு வேண்டிய பழுப்புகளைத் தனித்தனியாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது, பேஸ்டலில் தனிக் குச்சி வாங்குவது கையைக் கடிக்கும்.

ஆயில்தான் கரிக்கு உண்மையான போட்டி. ஈரமாக இருக்கும்வரை கத்தியால் வழித்து எடுத்துவிட்டு மறுபடி போடலாம், இதைவிடத் தாராளமான திருத்தம் இல்லை. இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்கில் இருபது வயதை ஒட்டிப் பாரிஸில் வரைந்த தன்னுருவங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஆள் மாதிரி இருக்கிறார். ஆயில் அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும். ஆனால் மறுநாள் என்ன ஆகிறது? ஆயில் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. அம்பர் என்கிற மண் பழுப்பு போட்ட நிழல் சீக்கிரம் இறுகும், டைட்டானியம் வெள்ளையும் ஐவரி கறுப்பும் போட்ட இடங்கள் பிசுபிசுவென்று கிடக்கும். அந்தப் பாதி காய்ந்த நிலையில் கை வைத்தால் கெடும், காத்திருந்தால் வாரம் போகும், அதற்குள் கண்ணாடியில் வேறு முகம். சின்ன அறையில் டர்பன்டைன் நெடியும் சேர்ந்துகொள்ளும். தனி ஸ்டூடியோவும் பகலெல்லாம் நேரமும் இருக்கிறவர்கள் ஆயிலைத் தேர்ந்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆயிலில் நான் வரைந்தவை குறைவு, பல வருடம் அதிலேயே ஊறியவர்கள் இந்தப் பத்தியோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

சரி, கரிக்கு வருவோம்.

நான் செய்கிற முறை இது. மெல்லிய குச்சிக்கரியைத் தாள் முழுக்கத் தேய்த்து, துணியால் துடைத்து, எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் ஆக்கிவிடுவேன். அப்புறம் வெளிச்சத்தை அழிரப்பரால் எடுப்பேன், பிசைந்து உருட்டிக்கொள்ளக்கூடிய நீடட் இரேசர் இதற்கு ரொம்ப வசதி. நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, கீழ் உதடு. நம் மாதிரி மாநிறமும் கறுப்புமான தோலில் வெளிச்சம் பரவலாக நிற்காது, எலும்பு மேட்டில் பளிச்சென்று விழுந்து சட்டென்று முடிந்துவிடும். வெள்ளைத் தாளில் நிழலைச் சேர்த்துக்கொண்டே போகும்போது அந்தப் பளிச்சைக் கடைசிவரை காப்பாற்றுவது பெரிய பாடு. சாம்பலில் இருந்து எடுக்கும்போது அது எடுத்த இடத்தில் உடனே நிற்கிறது. இருட்டுக்கு மட்டும் கடைசியில் தூளை அழுத்திச் செய்த அழுத்தக் கரி, அது எளிதில் அழியாது என்பதால் கண்மணிக்கும் மூக்குத் துளைக்கும் மட்டும்.

இப்போது திருத்தம். தலை நகர்ந்துவிட்டது, இடது கண் கொஞ்சம் மேலே போக வேண்டும். துணியால் ஒரு தட்டு தட்டினால் கண் போய்விடும், ஆனால் முழுசாகப் போகாது. மங்கலாக ஒரு தடம் தங்கும். புதுக் கண்ணை அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே, அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டே வைக்கலாம். அக்ரிலிக்கில் மேலே பூசினால் இந்தத் தடம் போய்விடுகிறது, நான் குறை என்று சொன்னது அதைத்தான். பழைய கண் எங்கே இருந்தது என்று தெரியாமல் மறுபடி அதே இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவோம். கரியில் நாலு முறை இடம் மாறிய கண்ணைச் சுற்றி நாலு தடமும் புகை போல நிற்கும், அந்த மணி நேரம் முழுக்க முகம் அசைந்ததெல்லாம் படத்திலேயே இருக்கும். அது வேண்டும் எனக்கு. அதைத் துடைத்துச் சுத்தமாக்கிய படங்களும் என்னிடம் உண்டு, அவற்றில் முகச்சாயல் இருக்கிறது, ஆள் இல்லை.

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் எச்சிங் (தகட்டு அச்சு), லித்தோ (கல் அச்சு), மரச்செதுக்கு, வெண்கலம் வரைக்கும் தன் முகத்தைச் செய்து பார்த்தவர். 1933இல், நாஜிகளின் நெருக்குதலால் பெர்லினில் கலைக் கழகத்தை விட்டு வெளியேற வேண்டிவந்த அதே வருடம், கரியில் ஒரு தன்னுருவம் வரைந்தார். பக்கவாட்டு முகம், கரி பிடித்த கை. இரண்டும் நிதானமாக வரைந்தவை. இரண்டையும் இணைக்கிற முழங்கை இருக்க வேண்டிய இடத்தில், கரியை அழுத்தி மேலும் கீழுமாக இழுத்த ஒரு முரட்டுக் கிறுக்கல், அவ்வளவுதான். அந்தக் கிறுக்கலில் தோளின் வலு முழுக்க இருக்கிறது. இதை ஆயிலில் யோசித்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை.

டேப்லெட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே அன்டூ அழுத்தினால் கோடு தடமில்லாமல் போகிறது, அக்ரிலிக்கில் சொன்ன அதே குறை. பழைய கோட்டை மங்கலாக்கி லேயரில் வைத்துக்கொள்ளலாம்தான், அதை ஒவ்வொரு முறையும் நினைவாகச் செய்ய வேண்டும். இரவல் டேப்லெட்டில் கொஞ்ச நாள் வரைந்ததை வைத்துச் சொல்கிறேன், இதை முடிவான தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

அச்சு வகைகளில் எனக்குக் கொஞ்சம் லினோகட் மட்டும்தான் பழக்கம், வெட்டியது வெட்டியதுதான், திருத்தம் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு சிறப்பு உண்டு. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிற முகத்தை அப்படியே தகட்டில் வரைந்து அச்செடுத்தால் மறுபடி மாறி, மற்றவர்கள் நம்மைப் பார்க்கிற மாதிரியே வந்துவிடும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் முப்பது தடவைக்குக் குறையாமல் தன் முகத்தைத் தகட்டில் எடுத்திருக்கிறார். ஓவியத்தில் இது நடக்காது. வான்கா அறுத்துக்கொண்டது இடது காதை, கட்டுப் போட்ட தன்னுருவங்களில் கட்டு வலது பக்கம் இருக்கிறது.

பராமரிப்பு பற்றி. கரி வெயிலுக்கு வெளுக்காது, வெறும் கார்பன் அது. வாட்டர் கலரில் அலிசரின் கிரிம்சன் மாதிரிச் சிவப்புகள் வெளுக்கும். கரிக்கு எதிரி கைப்பட்டு உதிர்வதும், மழைக்காலத்தில் தாளில் பூக்கிற பூஞ்சையும்தான். கரி உதிராமல் பிடித்துவைக்கிற ஸ்ப்ரேயான ஃபிக்ஸேட்டிவை மெல்லிசாக, தள்ளி நின்று அடியுங்கள், கனமாக அடித்தால் மென்சாம்பல் எல்லாம் கருத்துப்போகும். பிரேம் போடும்போது சுற்றிலும் அட்டை மவுன்ட் வைத்துக் கண்ணாடி தாளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதில் ஏறுகிற நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். ஓதம் ஏறுகிற வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். வரையும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் நான் இவ்வளவு சொன்ன பிறகும் கரி வேண்டாம், பேஸ்டலும் வேண்டாம், கனமான 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளாக வாங்கி வாட்டர் கலரில் ஆரம்பியுங்கள், அந்தத் தாள் கொஞ்சம் தேய்ப்பைத் தாங்கும்.