டெங்கு: கார்டு டெஸ்டா, எலைசாவா?

மழைக்காலக் காய்ச்சல் டெங்குதானா என்று பார்க்க, சிறு அட்டையில் கோடு காட்டும் கார்டு டெஸ்டா, ஆய்வகத்தில் செய்யும் எலைசா ரத்தப் பரிசோதனையா என்று சேலத்திலும் ஏற்காட்டிலும் பலர் குழம்புகிறார்கள். முதலில் காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள். முதல் 5 நாளுக்குள் என்எஸ்1 (டெங்கு வைரஸின் புரதம்), அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்) பார்க்க வேண்டும்; கார்டு, எலைசா இரண்டிலும் இவற்றைப் பார்க்கலாம். நாள் மாறினால் கார்டு, எலைசா இரண்டுமே ஏமாற்றும்.

நேரம்
கார்டு: 15 முதல் 20 நிமிடம்.
எலைசா: ஓட்டவே சில மணி நேரம். மாதிரிகள் சேரக் காத்திருந்தால் மறுநாள்தான்.

வசதி
கார்டு: இயந்திரம் வேண்டாம்.
எலைசா: ரீடர், வாஷர் என்ற இயந்திரங்களும் பழகிய கையும் வேண்டும்.

நம்பகம்
கார்டு: குறித்த நேரம் கடந்து பார்த்தால் இல்லாத பாசிட்டிவ் கோடும் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு என்எஸ்1 தவறிப்போக வாய்ப்பு அதிகம்.
எலைசா: அரசுக் கணக்கில் உறுதியான டெங்கு என்று சேர இதுதான் வேண்டும்.

மலைக்கிராமங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுக்கி இறக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி வீணாகும். மேலேயே சீரத்தை (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்ப்பகுதி) பிரித்து, 2 முதல் 8 டிகிரியில் அனுப்புங்கள். முழு ரத்தத்தை உறைய விடவே கூடாது.

ஏற்காட்டில் இரண்டாம் நாள் காய்ச்சலா, கார்டு போதும். ஆறாம் நாளா, ஊரில் பலருக்குப் பரவுகிறதா, எலைசாவுக்கு அனுப்புங்கள். கார்டில் நெகட்டிவ் வந்தாலும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையில் சேருங்கள்.