பித்தநாளத்தை ஒளிரவைக்க: நரம்பு ஊசியா, பித்தப்பைக்குள் ஊசியா, எக்ஸ்ரேயா?

பித்தப்பையை அகற்றும்போது அறுவை மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது, பித்தப்பை நாளம் என்று நினைத்து, கல்லீரலின் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவதைத்தான். வெட்டும் முன்பே நாளம் தெரிய வேண்டும். அதற்கு உதவும் சாயம் இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐ.சி.ஜி. ரத்தத்தில் கலந்த இதைக் கல்லீரல் எடுத்து, உருமாற்றாமல் பித்தத்தில் விட்டுவிடும். சுமார் 800 நானோமீட்டர் அலைநீள ஒளி பட்டால் ஒளிரும். கேமரா அதைத் திரையில் பச்சையாகக் காட்டும்.

நரம்பு வழி, அதாவது சிரை ரத்தக்குழாய் வழி, செலுத்துவது எளிது; 2.5 மில்லிகிராம் வழக்கமான அளவுகளில் ஒன்று. சிக்கல் நேரத்தில்தான். அறுவைக்கு அரை மணி நேரம் முன்புதான் போட்டால் கல்லீரலும் பளபளக்கும், பக்கத்தில் இருக்கும் நாளம் அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். சில மணி நேரம் முன்பே போட்டால் கல்லீரல் மங்கி, நாளம் தனித்துத் தெரியும். "எல்லாமே பச்சையாக இருக்கிறது" என்று சாயத்தைக் குறை சொல்வதற்கு முன், ஊசி போட்ட நேரத்தைப் பாருங்கள் என்பேன். வார்டிலேயே போட்டு அனுப்பும் ஏற்பாடு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பித்தப்பைக்குள் நேரடியாகச் செலுத்தினால் காத்திருக்க வேண்டாம். கல்லீரல் இருட்டாகவே இருப்பதால், பித்தப்பை அதில் ஒட்டியிருக்கும் எல்லையும் தெளிவாகத் தெரியும். ஆனால் பித்தப்பையின் கழுத்துப் பகுதியில் கல் அடைத்திருந்தால் சாயம் நாளத்துக்குப் போகாது. துளை வழியே கசிந்தால், சுற்றிலும் பச்சை பரவி எது எதுவென்று தெரியாமல் போகும். வீங்கிய பித்தப்பையை எப்படியும் ஊசியால் உறிஞ்சப் போகிறார்கள் என்றால், அதே துளையைப் பயன்படுத்துவது நல்ல யோசனை.

சரி, 1931-இல் அர்ஜென்டினா அறுவை மருத்துவர் மிரிஸ்ஸி தொடங்கிவைத்த எக்ஸ்ரே முறைக்கு, அதாவது அறுவையின்போதே நாளத்துக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படமெடுப்பதற்கு, இனி வேலை இல்லையா? இருக்கிறது. அதற்கு நாளத்தைத் திறந்து குழாய் நுழைக்க வேண்டும். தவறான நாளமாக இருந்தால் காயம் அங்கேயே தொடங்கிவிடும், இது பெரிய குறை. ஆனால் ஐ.சி.ஜி. ஒளி திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர் ஊடுருவுவதே அதிகம். கொழுப்போ அழற்சியோ தடித்திருந்தால் நாளம் இருந்தும் தெரியாது. பொதுப் பித்தநாளத்தில் கல் இருக்கிறதா என்பதற்கும் அது நம்பகமான பதில் தராது. மஞ்சள் காமாலை வந்தவருக்கு, நாளம் விரிந்திருப்பவருக்கு நான் எக்ஸ்ரேயைத்தான் கேட்பேன். மற்றவர்களுக்கு முன்கூட்டிய நரம்பு ஊசி. அப்போதும் திரை இருட்டாக இருக்கும் இடத்தில் நாளம் இல்லை என்று எண்ணி கத்தரியை வைக்கக் கூடாது.