டீசல் ஊழலில் அடிபட்ட எஞ்சினுக்குக் காரைக்குடியில் ஒரு நல்ல ஒர்க்ஷாப்

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த ஒர்க்ஷாப். போர்டு கிடையாது. நீலத் தகரக் கதவு, ஒரு வேப்பமரம், மரத்தடியில் எப்போதும் பானெட் திறந்து கிடக்கும் ஒரு ஜெர்மன் டீசல் வண்டி. இதுதான் அடையாளம். பெயரைப் போட வேண்டாம் என்று மெக்கானிக் தம்பியே கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே நாலு வண்டிக்கு மேல் நிறுத்த இடமில்லாமல் எதிர்வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். செக்காலைப் பக்கம் யாரிடமாவது “இன்ஜெக்டர் பார்க்கிறவர் கடை” என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

நான் பள்ளத்தூரில் பலகாரம் போடுகிறவள். மனகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை எல்லாம் டின் டின்னாக மதுரைக்கும் திருச்சிக்கும் போகும். பின்சீட்டை மடக்கி டின்னை அடுக்கினால் வண்டி பின்பக்கம் அமுங்கும். அந்தப் பாரத்தோடு திருமயம் தாண்டி ஏறும்போதும் சலிக்காமல் இழுக்கிற எஞ்சின் வேண்டும் என்றுதான் 2013-ல் இந்த 1.6 லிட்டர் டீசலை வாங்கினோம். ஃபோக்ஸ்வேகன் குழுமம் இதே எஞ்சினைப் பல பேட்ஜில் விற்றது. என் வண்டியில் ஒட்டியிருக்கிற பேட்ஜ் எது என்பது இந்த விமர்சனத்துக்கு அவசியமில்லை. எஞ்சின் குடும்பத்தின் பெயர் இஏ 189. கார் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த எண் மறந்திருக்காது.

மறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகனுக்கு நோட்டீஸ் விட்டது. சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓடும்போது வண்டி அதைக் கண்டுபிடித்துவிடும். ஸ்டியரிங் திரும்பவில்லை, வேகம் இன்ன கணக்கில் ஏறி இறங்குகிறது என்பதை வைத்தே மென்பொருள் புரிந்துகொள்ளும். அந்த நேரம் மட்டும் சுத்தமாக ஓடும். ரோட்டுக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சு வாயு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை போகும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் தலைக்கு வலையும் கைக்கு உறையும் மாட்டிக்கொள்கிற சமையற்கட்டுகள் எனக்குத் தெரியும், அதே வேலைதான். உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகளில் இது இருந்ததாக நிறுவனமே ஒத்துக்கொண்டது. தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் அடுத்த வாரமே பதவி விலகினார்.

இதைக் கண்டுபிடிக்க வழி செய்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அளக்கிற கருவியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை உண்மையான ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் இருந்ததைப் படித்தபோது, கோபத்துக்கு நடுவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சரி, இங்கே என்ன ஆனது? 2015 டிசம்பரில் இந்தியாவில் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைத்து, மென்பொருளை அப்டேட் செய்து சரிசெய்வதாக அறிவித்தார்கள். ஃபோக்ஸ்வேகன் 1,98,500, ஸ்கோடா 88,700, மீதி ஆடி. வண்டிகளைச் சோதிக்கிற புனே ஏஆர்ஏஐ நிலையம் ரோட்டில் ஓட்டி அளந்தபோது, பிஎஸ் 4 என்கிற நம் நாட்டுப் புகை விதியின் அளவைப்போல 5 முதல் 9 மடங்கு வரை வந்ததாக அரசு சொன்னது. ரோட்டில் அளப்பது இந்தியச் சட்டத்திலேயே இல்லை, அதனால் நாங்கள் எதையும் மீறவில்லை என்பது நிறுவனத்தின் பதில். பதில் சட்டப்படி சாமர்த்தியமானது. ரோட்டில் நடந்து போகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்தச் சமயத்தில் கண்டனூரில் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். பந்தி முடிந்து பட்டாலையில் உட்கார்ந்தால், ஆண்கள் பக்கம் முழுக்க இதே பேச்சு. எங்கள் சொந்தத்தில் இந்த எஞ்சின் வண்டி நிறையப் பேரிடம் உண்டு. “ஜெர்மன்காரனே இப்படிப் பண்ணிட்டானே” என்று ஒருவர் தலையில் கை வைத்தார், ஏதோ குலதெய்வம் கைவிட்ட மாதிரி. பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற கோட்டையூர் அண்ணன், “ஓடற வண்டில கை வைக்க விடவே மாட்டேன். அப்டேட் போட்டா மைலேஜ் போயிரும்” என்றார். கடைசி வரை விடவும் இல்லை. எங்கள் மாப்பிள்ளை அதற்கும் ஒரு படி மேலே. ரீமேப் போட்டு, அதாவது எஞ்சின் மென்பொருளை வெளியே மாற்றி எழுதி, இன்னும் பிக்கப் ஏற்றலாமா என்று போனில் தேடிக்கொண்டிருந்தார். விற்கும்போது விலை இறங்குமா என்பதுதான் மற்றவர்கள் எல்லோருடைய கவலையும். தேவகோட்டையில் டாக்டராக இருக்கும் கொழுந்தனார் ஒருவர்தான், “அந்தப் புகையை மூச்சில் இழுக்கிறவன் யாரு? ஆஸ்துமாப் பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிறேன்” என்றார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் யாரோ பாயசம் நன்றாக இருந்ததைப் பற்றிப் பேச்சைத் திருப்பிவிட்டார்கள்.

எனக்கும் கடிதம் வந்தது. வெளியூரில் இருந்த ஒரு சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். ஏசி ஹால், காபி மெஷின், கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு பையன். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. ஸ்டியரிங்கிற்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் வயரைச் செருகி, லேப்டாப்பைச் சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. “என்னப்பா மாத்தின?” என்று கேட்டேன். “சாஃப்ட்வேர் மேடம்” என்றான். “அது தெரியுது. முன்னாடி என்ன பண்ணிச்சு, இப்ப என்ன பண்ணும்?” அதற்கு அவனிடம் பதில் இல்லை, மேலாளரிடமும் இல்லை. ஜாப் கார்டில் ஒரு வரி, கையெழுத்து, வண்டியை இலவசமாகக் கழுவித் தந்தார்கள். பள்ளத்தூர் வருவதற்குள் மறுபடி செம்மண். அந்தச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரையும் காபிக்கு.

இதே நேரத்தில் கலிபோர்னியாவில் இருக்கும் என் அண்ணன் மகன் ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா டீசல் வைத்திருந்தான். 2016-ல் அங்கே 1,470 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. ஊழல் வெளிவருவதற்கு முந்தைய விலைக்கே வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், மேற்கொண்டு 5,100 முதல் 10,000 டாலர் வரை கையில் பணம். அவன் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான், “அயித்தை, நான் ஓட்டின வண்டிக்கு எனக்கே காசு கொடுத்துட்டாங்க.” ஜெர்மனியிலும் 2020-ல் ஆளுக்கு 1,350 யூரோவிலிருந்து 6,257 யூரோ வரை கிடைத்தது. நமக்குக் கிடைத்தது இலவச வாட்டர் வாஷ். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வழக்குப் போட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. மே மாதமே உச்ச நீதிமன்றம் கட்டாய நடவடிக்கைக்குத் தடை கொடுத்தது. அந்த அபராதமும் சுற்றுச்சூழல் கணக்கில்தான்; வண்டிக்காரனுக்கு அதில் பங்கு கிடையாது.

செக்காலை ஒர்க்ஷாப்புக்கு நான் போனது அதற்குப் பிறகு, எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தபோது. மெக்கானிக்குக் கோயம்புத்தூரில் டீசல் பம்ப் கடையில் தொழில் பழகிய கை. ஸ்கேனரைச் செருகி வந்த எண்ணைப் பார்த்தார். உடனே பாகத்தை மாற்றச் சொல்லவில்லை. ஈஜிஆர் வால்வைக் கழற்றி, ஒரு பழைய தினசரியை விரித்து அதன்மேல் வைத்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே தார் மாதிரி கரி. விரல் நுழைய வேண்டிய ஓட்டையில் பென்சில்கூட நுழையாது. ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு துண்டைச் சுரண்டி எடுத்து, “இதுதான் ஆச்சி அந்த ஊழல்” என்றார்.

அப்புறம் அவர் சொன்ன விளக்கம்தான் நான் பல வருடமாகத் தேடியது. எஞ்சினுக்குள் சூடு ஏறினால் காற்றில் இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகும். சூட்டைத் தணிக்க, வெளியேறுகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடுவார்கள். அதற்குத்தான் இந்த வால்வு. நிறைய விட்டால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும்; ஆனால் கரி கூடும், வால்வு அடைக்கும், இழுவையும் மைலேஜும் இறங்கக்கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் நல்லபடி வைக்கச் செலவாகும். “செலவைக் குறைக்கத்தான் பொய்” என்று முடித்துவிட்டு வால்வை டீசலில் ஊற வைத்தார். ஐரோப்பாவில் 1.6 எஞ்சினுக்கு மென்பொருளோடு, காற்றை அளக்கிற சென்சருக்கு முன்னால் வலை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயும் வைத்தார்கள் என்ற தகவலையும் அவர்தான் சொன்னார். அப்டேட் போட்டதால் வண்டி கெட்டுப்போனது என்று அங்கே பலர் புகார் சொன்னார்கள், நிறுவனம் இல்லை என்றது. இவர் அதில் கட்சி சேரவில்லை. போட்ட வண்டியிலும் கரி, போடாத கோட்டையூர் அண்ணன் வண்டியிலும் கரி என்று இரண்டு வால்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் வண்டி அப்டேட்டுக்குப் பிறகும் திருச்சி போய்வர லிட்டருக்குப் பழைய கணக்கைத்தான் கொடுக்கிறது.

அங்கே உட்கார்ந்திருந்தால் ஆட்களும் கிடைப்பார்கள். காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தன் பழைய வண்டியோடு வருவார். நான் ஒரு நாள் புகைச் சர்டிபிகேட்டை நீட்டி, “இதெல்லாம் நல்லாத்தானே சார் வந்திருக்கு?” என்றேன். டீசல் வண்டிக்கு இங்கே என்ன பார்க்கிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை அழுத்துவார்கள், சைலன்சரில் செருகிய குழாய் வழியாகக் கரும்புகையின் அடர்த்தியை அளப்பார்கள். அவ்வளவுதான். நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை. “உங்க வண்டி இங்க பொய் சொல்லவே வேண்டாம்மா. யாருமே அந்தக் கேள்வியைக் கேக்கலையே” என்றார். ரோட்டில் ஓட்டி அளந்து காட்ட வேண்டும் என்கிற விதி புது வண்டிகளுக்கு நம் நாட்டில் 2023 ஏப்ரலில்தான் வந்தது.

டிராவல்ஸ் ஓட்டுகிற இன்னொருவருக்கு இந்தக் கதையே புதிது இல்லை. அவருடையது டவேரா. 2013-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்ததே, அது மறந்துபோச்சா என்கிறார். சோதனைக்கு அனுப்பும் வண்டிகளில் மட்டும் நல்ல எஞ்சினைப் பொறுக்கி மாட்டியிருந்தார்கள். “இவன் லேப்டாப்ல பண்ணான், அவன் ஸ்பானர்ல பண்ணான். என் வண்டியில இன்னும் பிள்ளையார்பட்டிக்கு ஆள் ஏறுது” என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

ஒர்க்ஷாப்பில் குறை இல்லாமல் இல்லை. சொன்ன நேரத்துக்கு வண்டி கைக்கு வராது. சாயங்காலம் என்றால் மறுநாள் காலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார ஒரு மர ஸ்டூல்தான், மழை வந்தால் அதுவும் நனையும். ஈஜிஆரை அடைத்துவிட்டு ஓட்டலாமா என்று கேட்கிறவர்களிடம் அவர் முதலில் வேண்டாம் என்பார், வற்புறுத்தினால் “வேற கடைக்குப் போங்க” என்பார். சிலருக்கு இது பிடிக்காது. எனக்கு இதுதான் பிடித்தது. டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும் என்பதை பானெட்டின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைக்கிறார். ஏர் ஃபில்டரை மட்டும் புத்தகத்தில் சொன்னதற்கு முன்பே மாற்றச் சொல்வார். எங்கள் ஊர்ப் புழுதியைப் பார்த்தவர்கள் அதைக் கேள்வி கேட்க மாட்டார்கள். மதிப்பெண் நாலரை.

2020-ல் பிஎஸ் 6 வந்ததும் ஃபோக்ஸ்வேகன் இந்தியாவில் டீசலையே விட்டுவிட்டது. அதனால் இந்த எஞ்சின் இப்போது பழைய வண்டிச் சந்தையில் மட்டும்தான். குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது வாங்கப் போனால், அப்டேட் போட்டதற்கு ஜாப் கார்டு கேளுங்கள், இன்ஜெக்டர் நாலையும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள், பதிவு செய்த ஆண்டையும் பாருங்கள். 15 வருடம் முடிந்தால் எஃப்சி காட்டி மறுபதிவு, பசுமை வரி என்று தனிச் செலவு இருக்கிறது. எனக்கு அது 2028-ல் வருகிறது. கட்டிவிட்டு ஓட்டுவதா, விடுவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

ஒர்க்ஷாப் ஞாயிறு கிடையாது. காலையில் சீக்கிரம் போனால்தான் மரத்தடி நிழல் கிடைக்கும். பழைய பில்கள் இருந்தால் எடுத்துப் போங்கள், அவர் வரி விடாமல் படிப்பார். ஜிபே உண்டு. பில் கேட்டால் நோட்டுத் தாளைக் கிழித்து எழுதித் தருவார், எழுத்து மட்டும் கொஞ்சம் புரியாது.