பிரெண்ட் 80 டாலர் என்றால் பார்மர் எண்ணெய்க்கு என்ன விலை?

காலைச் செய்தியில் ‘கச்சா எண்ணெய் பேரல் 80 டாலர்’ என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நெல்லுக்கு இப்படி ஒற்றை விலை சொன்னால் தஞ்சாவூரில் யாராவது ஒப்புக்கொள்வார்களா? சன்ன ரகமா, பொது ரகமா, ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்ட பிறகுதான் பேச்சே தொடங்கும். கச்சா எண்ணெயிலும் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்கள் உண்டு. செய்தியில் வருவது பெரும்பாலும் வட கடலின் பிரெண்ட் விலை. இந்தியா வாங்கும் எண்ணெய்க்கு அரசு கணக்கிடும் சராசரியில் முக்கால் பங்குக்கும் மேல் ஓமன், துபாய் ரகங்களின் விலைதான்; மிச்சம்தான் பிரெண்டுக்கு.

ரகம் பிரிக்க முதலில் பார்ப்பது இரண்டு. ஒன்று அடர்த்தி. அதை ஏபிஐ எண்ணால் குறிக்கிறார்கள். தண்ணீருக்கு அந்த எண் 10. எண் ஏற ஏற எண்ணெய் லேசானது. (தலைகீழான இந்த அளவுகோல் பழக எனக்குச் சில நாள் பிடித்தது.) மற்றொன்று கந்தகம். அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘ஸ்வீட்’ (இனிப்பு), மேலே போனால் ‘சோர்’ (புளிப்பு). அந்தக் காலத்தில் எண்ணெய் தோண்டியவர்கள் நாக்கில் தொட்டு ருசி பார்த்ததால் வந்த பெயர்கள் என்பார்கள்.

பிரெண்டுக்கு ஏபிஐ சுமார் 38, கந்தகம் 0.4 சதவீதம். அமெரிக்காவின் டபிள்யூடிஐ (வெஸ்ட் டெக்சாஸ் இன்டர்மீடியட்) சுமார் 40, கந்தகம் 0.24. துபாய் 31, கந்தகம் 2 சதவீதம். மெக்சிகோவின் மாயா 22, கந்தகம் 3 சதவீதத்துக்கும் மேல்.

மாயாவைக் காய்ச்சி வடித்தால் பாதிக்கு மேல் கறுப்பு எச்சமாக அடியில் நின்றுவிடும். அதைத் தாராகவோ உலை எண்ணெயாகவோ மலிவாகத் தள்ளிவிடலாம். இல்லையென்றால் கோக்கர் என்னும் பெரிய உலையில் இட்டு உடைத்து, டீசலாக்கக்கூடியதைப் பிரித்தெடுத்து, மிச்சத்தை நிலக்கரி போன்ற பெட்கோக்காகச் சிமெண்ட் ஆலைகளுக்கு விற்கலாம். கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். அதற்குத் தனிச் செலவு. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் பெட்ரோல், டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. அதே ஆண்டு ஜனவரியில் கப்பல் எரிபொருளுக்கும் வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக இறங்கியது. அழுக்கான எச்சத்தைக் கப்பல்காரர் தலையில் கட்டும் பழைய வழி அதோடு குறுகிப்போனது. மாயா பிரெண்டைவிட மலிவாக விற்பது இந்தச் செலவையெல்லாம் வாங்குபவர் முன்கூட்டியே கழித்துக்கொள்வதால்தான்.

இனி பார்மர். ராஜஸ்தான் பாலைவனத்தின் பார்மர் மாவட்டத்தில் 2004இல் கண்டுபிடித்த மங்களா வயலில் 2009இல் உற்பத்தி தொடங்கியது. கந்தகம் மிகக் குறைவு, 0.1 சதவீத அளவுதான். அந்த வகையில் பிரெண்டையே மிஞ்சும். ஆனால் உடம்பெல்லாம் மெழுகு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாதே, அந்தக் கதைதான். தேங்காய் எண்ணெயாவது வெயிலில் வைத்தால் இளகும். இது நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் அசையாமல் கிடக்கும். அதனால் குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கிலோமீட்டருக்கு, வழி நெடுகச் சூடேற்றிக்கொண்டே போகும் குழாய் போட வேண்டியிருந்தது. வாங்கும் ஆலையிலும் தொட்டியைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்த மெழுகு வீண் பொருளல்ல. உடைக்கும் உலையில் இட்டால் நல்ல பெட்ரோலும் டீசலும் தரும். ஆனாலும் பிரெண்டைவிடப் பத்து முதல் பதினைந்து சதவீதம் குறைவாகவே இது நெடுங்காலம் விலைபோனது. பிரெண்ட் 80 என்று வைத்துக்கொண்டால் பார்மர் எண்ணெய் 68 முதல் 72 டாலர். 159 லிட்டர் கொண்ட ஒரு பேரலுக்கு 8 முதல் 12 டாலர் போகிறது, பெரும்பாலும் உறைந்துபோகும் குணத்துக்காக.

தரம் மட்டுமே விலை என்றால் டபிள்யூடிஐ எப்போதும் பிரெண்டைவிட உசத்தியாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. 2011இல் டபிள்யூடிஐ பிரெண்டைவிட 20 டாலருக்கும் மேல் மலிந்து கிடந்தது. அதன் விலை தீர்மானமாகும் இடம் ஓக்லஹோமாவின் குஷிங். கடல் பக்கத்திலேயே கிடையாது. பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெயும் கனடா எண்ணெயும் அங்கே வந்து குவிந்தன. வெளியேற்றப் போதுமான குழாய் இல்லை. அமெரிக்காவில் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கு இருந்த தடை 2015 டிசம்பரில்தான் நீங்கியது. 2020 ஏப்ரல் 20 அன்று குஷிங் தொட்டிகளில் இடம் கிடைக்காமல் மே மாதம் எண்ணெயை எடுத்துக்கொள்வதற்கான டபிள்யூடிஐ ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது; அதாவது எடுத்துக்கொள்பவருக்கு விற்பவரே பணம் கொடுக்கும் நிலை. தரத்தில் ஒருபடி குறைந்த பிரெண்ட் அன்று 25 டாலருக்கு மேலேயே நின்றது. கப்பலில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம் என்ற வசதிக்கான விலை அது.

கனடாவின் கனமான ரகமான டபிள்யூசிஎஸ் (வெஸ்டர்ன் கனேடியன் செலக்ட்), மாயாவுக்கு இரட்டைப் பிறவி போன்றது. 2018 அக்டோபரில் அது டபிள்யூடிஐயைவிட 40 டாலருக்கும் மேல் மலிந்தது. ஒரே ஆண்டில் எண்ணெய்க்குள் கந்தகம் கூடிவிடவில்லை, குழாயில்தான் இடமில்லை. ஆல்பர்ட்டா மாகாண அரசே 2019 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 3,25,000 பேரல் உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டது.

அதே ஜனவரியில் வெனிசுவேலாவின் கனமான எண்ணெய்மீது அமெரிக்கா தடை போட்டது. மெக்சிகோ வளைகுடாக் கரையிலுள்ள அமெரிக்க ஆலைகள் கோக்கர்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டியிருந்தன; லேசான எண்ணெயை மட்டும் காய்ச்சினால் அந்த முதலீடு முடங்கிவிடும். கனமான எண்ணெய்க்கு அடிதடி வந்தது. அந்த வளைகுடாவிலேயே எடுக்கும், கந்தகம் மிகுந்த மார்ஸ் ரகம், சுத்தமான டபிள்யூடிஐயைவிடக் கூடுதல் விலைக்குப் போனது.

ஆகவே எது நல்ல எண்ணெய் என்று என்னைக் கேட்டால், ஆலையைக் காட்டுங்கள் என்பேன். குஜராத்தில் ரிலையன்ஸின் ஜாம்நகர் ஆலைக்கு மட்டமான ரகம்தான் லாபம்; கோக்கர் இருப்பதால் தள்ளுபடி முழுவதையும் தன் கணக்கில் வரவு வைக்கும். இலங்கையின் சபுகஸ்கந்த ஆலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1969 முதல் ஓடும் அது, ஈரான் லைட் ரகத்துக்கென்றே கட்டப்பட்டது. 2012இல் ஈரான்மீது தடைகள் இறுகியதும் தனக்கு ஒத்துவரும் வேறு ரகங்களைத் தேடி அலைந்தது. 2022 மார்ச்சில் டாலர் இல்லாமல் நின்றது. கொழும்புக்கு வெளியே பணத்துக்காக ஒரு மாதத்துக்கு மேல் காத்துக்கிடந்த கப்பலிலிருந்து ரஷ்யாவின் சைபீரியன் லைட் இறங்கிய பிறகு, மே மாதக் கடைசியில்தான் உலை மறுபடி எரிந்தது.